காப்பி டப்பாச் சத்தம்

கெட்டில் ஏரி, மிச்சிகன்
ஏப்ரல் 9

மார்வெல் மேடம்!!

நீங்களே பதில் போட்டீங்களா? நெஜமாவா? நான் கத்துன கத்துல எங்கம்மா மாடிக்கு ஓடி வந்துட்டாங்க! கேமரா பிடிக்கக் கத்துக்கிட்டதே உங்க வீடியோ பாத்துத்தான்.

என் அன்ன ஜோடி பத்திக் கேட்டீங்கல்ல? ஆரஞ்சு அலகு, நெத்தியில கருப்பா ஒரு புடைப்பு. அவன் வாஃபிள், அவ பிக்கிள். காப்பி டப்பாவுல மக்காச்சோளம் போட்டுக் குலுக்குனா கைக்கே வந்துடுவாங்க. கூடு இருக்குற எடத்தப் பறவைப் படம் எடுக்குற நம்ம ஆளுங்க வெளிய யாருக்கும் சொல்ல மாட்டோம்ல? உங்களுக்கு மட்டும்: உடைஞ்ச படகுத்துறை, வடக்கு நாணல்.

உங்க பைத்தியக்கார ரசிகை,
டெஸ்ஸா

ஏப்ரல் 13

அன்புள்ள டெஸ்ஸா,

உனக்கு நல்ல கண். ஞாயிறு காலை ஆறு மணிக்கு டப்பாவோடு துறைக்கு வா. நான் கேமராவோடு உன் பக்கத்தில் நிற்பேன். என்னோடு வரும் இரண்டு பேர் நாணலில் இருப்பார்கள். அன்னங்கள் இரண்டும் சேர்ந்து வர வேண்டும், அதுதான் முக்கியம். படத்தில் உன் பெயரும் வரும்.

மார்வெல் ஹாக்ஸ்ட்ரா

ஏப்ரல் 19

மேடம்,

அவங்க கையில துப்பாக்கி இருக்கும்னு ஏன் சொல்லல?

நான் "வாடா குண்டா, வாடி செல்லம்"னு கூப்பிட்டேன். வந்தாங்க. பிக்கிள் விழுந்ததும் வாஃபிள் பறந்து தப்பிக்கல மேடம், பயந்துபோய் என்கிட்டயே வந்தான். அப்ப நீங்க என்ன சொன்னீங்க? "டப்பாவ கீழ வைக்காத, இன்னொண்ணு இருக்கு."

டெஸ்ஸா

ஏப்ரல் 21

டெஸ்ஸா,

அந்த ஆரஞ்சு அலகு அன்னங்கள், பணக்காரர்கள் தங்கள் குளத்து அழகுக்காகக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவை. இந்த ஏரிக்குச் சொந்தமானவை கருப்பு அலகு அன்னங்கள். அவற்றைக் கூடு கட்டவிடாமல் அடித்து விரட்டியது உன் குண்டன்தான். சுடுவதற்கு அரசு அனுமதி இருந்தது. முன்பே சொல்லியிருந்தால் வந்திருப்பாயா?

படம் நன்றாக வந்திருக்கிறது. கீழே உன் பெயர் இருக்கிறது. அழுதுகொண்டு யாராலும் ஃபோகஸ் பண்ண முடியாது.

மார்வெல் ஹாக்ஸ்ட்ரா

அடுத்த ஆண்டு, மே 4

அன்புள்ள டெஸ்ஸா,

நீ இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்தேன். கெட்டில் ஏரியில் கருப்பு அலகு ஜோடி, கூட்டோடு! நாற்பது வருடம் இதற்காகக் காத்திருந்தேன். என் இடது கண் போய்விட்டது. வலது கண் இந்தக் கோடையைத் தாண்டாது என்கிறார் டாக்டர். அவ்வளவு பெரிய ஏரியில் தேடிக்கொண்டிருக்க எனக்கு நாள் இல்லை. கூடு எங்கே? தயவுசெய்து சொல்லம்மா.

உன் மார்வெல்

மே 6

மார்வெல் மேடம்,

நீங்க சொன்னது சரிதான். வாஃபிள் போனப்புறம்தான் இவங்க வந்தாங்க. அஞ்சு முட்டை. அவ்ளோ அழகு.

கண்டிப்பா வாங்க. ஞாயிறு காலைல ஆறு மணி, அதே துறை. நான் உங்க பக்கத்துலயே நிப்பேன். எக்காளம் ஊதுற மாதிரி அவங்க போடுற சத்தம் ஏரி முழுக்க எதிரொலிக்கும், நல்லா கேப்பீங்க. எந்தப் பக்கம் பாக்கணும்னு மட்டும் சொல்ல மாட்டேன்.

படம் நான் எடுத்துக்குறேன். கீழ உங்க பேரு வரும்.

உங்ககிட்ட கத்துக்கிட்டவ,
டெஸ்ஸா