ஐந்து பெயர், ஒரே கொம்பனி

மச்சாள்,

நேற்றுக் காலை கதவைத் திறந்தால் கால்மாட்டில் ஒரு நிதிக் கொம்பனியின் துண்டுப்பிரசுரம். அச்சு மையின் மணம் இன்னும் போகவில்லை. நரைத்த தலையோடு ஒரு தம்பதி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். அவர்களுடைய தலைக்கு மேலே, தலையைவிடப் பெரிதாக ஒரு வட்டி வீதம். கீழே எறும்பு போல ஏதோ நிபந்தனைகள். எனக்கு வந்த கோபத்துக்குக் கிழித்தே எறிந்திருப்பேன். நீர் இருந்தால் விடமாட்டீர். "பொறும் மச்சாள், அந்தச் சின்ன எழுத்தைத்தான் முதல்ல வாசிக்க வேணும்" என்று கையிலிருந்து பறித்திருப்பீர். அதனால் நானே மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து வாசித்தேன். வாசித்து முடித்ததும் உமக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

உம்முடைய அண்ணன், என் மனுசன், போய் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்த கிழமை நினைவிருக்கிறதா? அவர் வேலை செய்து சேர்த்த சேமலாப நிதியும் மிச்சக் கொடுப்பனவுகளும் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன. மகன் டொரோண்டோவிலிருந்து ஒவ்வொரு நாளும் அழைப்பான். "ஃபிளாட்டை வித்திட்டு இஞ்ச வாங்கோ அம்மா, நான் பாக்கிறன்." நல்ல பிள்ளைதான். ஆனால் மருமகளின் குசினியில் நின்று, சீனிப் போத்தல் எங்கே என்று கேட்டுக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்ட எனக்கு மனமில்லை. வெள்ளவத்தையில், என் வீட்டில், என் அடுப்பில் நானே சமைத்துச் சாப்பிட வேண்டும். அதற்கு என்னிடம் இருந்தது அந்தக் காசு மட்டும்தான். அது போனால் நானும் போக வேண்டியதுதான்.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம் கொள்ளுப்பிட்டியில், ஊரார் காசை முதலிடும் உம்முடைய அலுவலகம் முடிந்து, கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போகாமல், நேரே கரையோர ரயிலேறி என்னிடம் வந்தீர். உழுந்து வடைப் பார்சலைக்கூடப் பிரிக்க விடாமல் என் திட்டத்தைச் சொன்னேன். கீழ்வீட்டு அக்கா காசு போட்டிருந்த நிதிக் கொம்பனியிலேயே நானும் போடுவதாக இருந்தேன். வங்கியைவிட எவ்வளவோ கூட வட்டி.

"எல்லாத்தையும் ஒரே இடத்தில போட எனக்கென்ன விசரே? என்ர பேரில வெள்ளவத்தை பிராஞ்ச். மகன்ர பேரில தெகிவளை. மருமகளுக்கு ஒண்டு, பேரப்பிள்ளைக்கு ஒண்டு, வேற வேற பிராஞ்சில. உம்மட பேரிலயும் ஒண்டு, கொட்டாஞ்சேனையில!"

நீர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மேசையெல்லாம் சிந்தியது.

"அஞ்சு பேருக்கு அஞ்சு குடை வாங்கிறன் எண்டுட்டு, ஒரே குடைக்குள்ள அஞ்சு பேரையும் நிப்பாட்டிறீர் மச்சாள். கொம்பனி விழுந்தா அஞ்சு பிராஞ்சும் சேர்ந்துதானே விழும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே செய்திருந்தார்கள்? பெயரைப் பிரித்தால் காசு பிரிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். "உம்மட அண்ணன்ர காசெண்டபடியால் எனக்குச் சட்டம் போடுறீரோ?" என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் எழும்பிப் போயிருப்பார்கள். நீர் சிந்திய தேத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்:

"ஓம், அண்ணன்ர காசுதான். அண்ணன் போயிட்டார், காசாவது நிக்கட்டும்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்து வடையைச் சாப்பிட்டோம்.

நீர் என்னை மடக்கியது சீட்டை வைத்துத்தான். "பக்கத்து வீட்டுக்காரி சீட்டுப் பிடிச்சா அவவின்ர புருஷன் குடிக்கிறவரோ, முந்தி ஆரையேன் ஏமாத்தினவவோ எண்டு வெள்ளவத்தை முழுக்க விசாரிப்பீர். முழுக் காசையும் கொம்பனிக்குக் குடுக்கேக்க மட்டும் ஏன் ஒண்டும் கேக்கிறேல்லை? இதுவும் கடன் குடுக்கிறதுதானே? ஆருக்குக் குடுக்கிறீர், எப்ப திரும்பி வரும், இடையில வேணுமெண்டா எவ்வளவு நட்டம்? இவ்வளவையும் கேளும்."

அடுத்த கிழமை, கடன் முறிகளில் முதலிடும் பொண்ட் ஃபண்ட் இரண்டின் அறிக்கைகளோடு வந்தீர். நான் வழக்கம்போல எது கூடத் தந்திருக்கிறது என்று பார்த்து ஒன்றில் விரலை வைத்தேன். நீர் பக்கத்தைப் புரட்டி, உள்ளே என்னென்ன முறிகள் இருக்கின்றன என்று காட்டினீர். கூடத் தந்ததில், நான் கேள்விப்பட்டே இராத கொம்பனிகளின் கடன் நிறைய. மற்றதில் பெரும்பாலும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கும் திறைசேரி உண்டியல்கள், சீக்கிரம் முதிர்கிற முறிகள். அதற்கான கட்டணமும் குறைவு. "இது நிம்மதியா நித்திரை கொள்ள நினைக்கிற ஆக்களுக்கு" என்றீர். நான் அதையே எடுத்தேன். கொஞ்சம் வங்கியில் நிலையான வைப்பு. கொஞ்சம் அவசரத்துக்கு, கேட்டவுடன் எடுக்கக்கூடிய ஒரு நிதியத்தில். பங்குச் சந்தைக்கு ஒரு துளி. அந்தத் துளிக்கே நான் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தேன். "சாமான் விலை ஏறிக்கொண்டே போகும் மச்சாள், முழுக்க வட்டியை நம்பினால் பின்னுக்குக் காசுக்கு முட்டும்" என்று விடாமல் நின்றீர்.

பிறகு நாடே கடனில் முட்டிய அந்தக் கெட்ட வருடங்கள் வந்தன. எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அந்த நேரம் பார்த்து என் ஃபண்டின் விலை இறங்கிவிட்டது. பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சொல்லி வாங்க வைத்தது இறங்கினால் எனக்கு எப்படி இருக்கும்? பஸ்ஸேறி உம்முடைய அலுவலகத்துக்கே வந்து, வரவேற்பு மேசையில் நின்று சத்தம் போட்டேன். எல்லாவற்றையும் இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றேன். காவல்காரர் சிங்களத்தில் "அம்மே, வாடி வென்ன" என்று, உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

நீர் வந்து என் கையைப் பிடித்தீர். "வட்டி ஏறினா பழைய முறியளின்ர விலை இறங்கும். இண்டைக்கு வித்தா அந்த நட்டம் உம்மடதாய்ப் போயிடும். இதில கிடக்கிறது கெதியா முதிர்ற முறியள். முதிர முதிர, புது வட்டிக்குப் போகும். கொஞ்சம் பொறும்."

"உமக்குப் பயமில்லையே?"

"பயம்தான். என்ர காசும் இதிலதானே கிடக்கு. அரசாங்கத்துக்கே ஏலாமல் போனா என்ன நடக்குமெண்டு எனக்கும் தெரியாது. அதுக்குத்தானே எல்லாத்தையும் இதுக்குள்ள போட விடேல்லை."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னீரே, அதை நம்பித்தான் வீட்டுக்குத் திரும்பினேன். பொறுத்தேன். ஒவ்வொரு நாளும் உமக்கு அழைத்துப் புறுபுறுத்துக்கொண்டுதான் பொறுத்தேன். விலை மெல்ல ஏறி, விட்ட இடத்தையும் தாண்டிப் போனது. கீழ்வீட்டு அக்காவின் கொம்பனி பூட்டுப்பட்டுவிட்டது. குடும்பத்தில் எல்லோருடைய பெயரிலும் இருந்த வைப்புப் பத்திரங்களை ஒரே பையில் போட்டுக்கொண்டு அவ படியிறங்கிப் போனதைப் பார்த்தேன். அந்தப் பை என் கையில் இருந்திருக்க வேண்டியது.

உமக்கு வருத்தம், தீராத நோய், என்று தெரிந்தபோது என்னிடம் மறைத்தீர். ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் ஒரு தாதி வேண்டும் என்ற பிறகுதான் சொன்னீர். அவசரத்துக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினேன். "அதைத் தொடாதையும், அது உமக்கெண்டு வைச்சது" என்று அந்த மூச்சிலும் சண்டைக்கு வந்தீர். "வாயை மூடும் மச்சாள், எனக்கு இதைவிட என்ன அவசரம் வரப்போகுது?" என்றேன். நீர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர். ஆனால் என் கையை விடவில்லை. உமக்குச் செய்யக் கையில் ஏதோ இருந்ததே, அதற்கு நான் எந்தச் சாமியைக் கும்பிடுவது? அதையும் வைக்கச் சொன்னது நீர்தான்.

நீர் போய்ச் சேர்ந்த பிறகும் என் வீட்டுக்கு அந்தப் பின்னேர ரயிலின் சத்தம் வருகிறது. உடனே கேத்திலை அடுப்பில் வைத்துவிடுகிறேன். பிறகுதான் நினைவு வருகிறது.

பேரப்பிள்ளையைப் பார்க்க அடுத்த மாதம் டொரோண்டோ போகிறேன். டிக்கெட் தானே அனுப்புவதாக மகன் சொன்னான். வேண்டாம் என்றேன். "பின்ன எப்பிடியம்மா?" என்று கேட்டான். வட்டி வந்திருக்கிறது என்று சொன்னேன். காலி வீதியில் ஒரு ட்ராவல்ஸ் கந்தோருக்குப் போய், என் காசைக் கொடுத்து நானே எடுத்தேன். அந்தப் பெண்பிள்ளை திரையைப் பார்த்தபடி, "ஒன்வேயா அன்ட்டி?" என்று கேட்டாள்.

திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடுத்திருக்கிறேன், மச்சாள்.