ஏலம் கூவுகிறவள்

என்னங்க,

சந்தையிலிருந்து வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி நம் பெண்ணைக் கையோடு கூட்டிவரத்தான் மீன் சந்தைக்குப் போனேன். விருந்தாளி வந்தாலே அறைக்குள் ஒளிந்துகொள்கிறவளுக்கு ஏலம் கூவுகிற வேலை வராது என்று நீங்கள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அங்கே கவிழ்த்த பெட்டிமேல் நின்று கூவிக்கொண்டிருந்தாள். "அண்ணே, மீனைப் பார்த்து விலை சொல்லுங்க. நீங்க கேட்ட விலைக்கு அதுவே முழிக்குது" என்றாள். கூட்டமே சிரித்தது, விலை ஏறியது.

ஏலம் முடிந்ததும் அவள் வேலையை நிரந்தரமாக்குவதாக ஏலக்கடை முதலாளி சொல்லிவிட்டுப் போனார். பதில் சொல்ல இரண்டு வாரம் இருக்கிறது.

"இவ்வளவு பிடிச்சிருக்காடி இந்த வேலை?" என்று கேட்டேன்.

"பிடிக்கவே இல்லம்மா. பெட்டியை விட்டு இறங்கினதும் யார் மூஞ்சியையும் பார்க்கத் தோணல. ஆனா நல்லா வருதே. நீயே சொல்லு, விட்டுடவா?"

அப்பாவிடம் கேட்கலாம் என்றேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளிடம் பேசுங்கள். வேண்டாம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். உனக்கு வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அவள் அம்மா