தெரியாது என்று சொன்ன ஹாஷிம்

அன்பு மகள் அம்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பலாபத்வலையிலிருந்து உன் வாப்பா ரவூப் எழுதுகிறேன். இங்கே அரசின் நீர்த்தேக்கப் பொறியியலாளர் பதவிக்கான விண்ணப்பத்தை நீ பயந்து திரும்பப் பெறக்கூடாது என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். அல்லாஹ்வின் அருளால் நானும் உம்மாவும் சுகம்; கோலாலம்பூரில் படிக்கும் நீயும் அவ்வாறே இருக்கத் துஆச் செய்கிறோம். தொலைபேசியில் நாம் இருவரும் ஒருவரையொருவர் பேசி முடிக்க விடுவதில்லை. ஆகவே எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை சிவில் உடையில் நம் வீட்டுக்கு வந்தவர் பொலிஸா, ஆர்மியா என்று அழுதுகொண்டே கேட்டாய். அவர் புலனாய்வு உத்தியோகத்தர். பாதுகாப்பு அனுமதி வேண்டிய பதவி என்பதால் உன்னைப் பற்றி விசாரிக்க வந்தார். இருபது ஆண்டுகளாக அரசறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: புலனாய்வுத் துறையில் கேட்டு வருபவர் ஒருவர், கேட்டதை மற்றத் தகவல்களோடு ஒப்பிட்டு நிறுப்பவர் இன்னொருவர், முடிவை மேலிடத்துக்கு அறிவிப்பவர் வேறொருவர். ஆபத்தை முன்கூட்டி அறிந்து அரசுக்குச் சொல்வதே அவர்கள் வேலை, தண்டிப்பது அன்று. நடைமுறை எப்போதும் ஏட்டின்படி நடப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த 2019 ஏப்ரலில், முன்பே எச்சரிக்கை வந்தும் மேலே இருந்தவர்கள் அசையவில்லை. அதன் பிறகு முஸ்லிம் வீடுகளைச் சோதிக்க வந்தபோது அலமாரிகளைத் திறந்து காட்டியவர்கள் ஒன்றும் அறியாத நாங்கள். உண்மையைச் சொல்வதானால், நம்மை நாமே நிரூபித்து நிரூபித்து நான் களைத்துவிட்டேன். ஆயினும் வந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினார். உம்மா அவருக்குத் தேநீரும் தொதல் இனிப்பும் கொடுத்து, உன் பல் விழுந்த கதை வரை சொல்லிவிட்டாள். "சேர், நாங்க எழுதிக் குடுக்கிறது மட்டும்தான், முடிவெடுக்கிறவங்க வேற ஆக்கள்" என்று சொல்லிப் புறப்பட்டார்.

சிக்கல் அதன் பின்னரே நேர்ந்தது. உறவினர் அல்லாத சாட்சியாக எதிர்ப்பக்க இரும்புக்கடை ஹாஷிம் மாமாவின் பெயரை நீ கொடுத்திருக்கிறாய். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெயர் கொடுப்பதற்கு முன் அவரிடம் கேட்பதே முறை. உத்தியோகத்தர் கடையில் ஏறி உன்னைத் தெரியுமா என்று கேட்க, உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர், அப்படி ஒரு பிள்ளையை அறியேன் என்று சாதித்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "புள்ள தனியா வெளிநாட்டுல இருக்கிறா, அவங்க தேடி வந்தா காட்டிக் குடுக்கவா சொல்றீங்க? தெரியாதுன்னா விட்டுட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன்" என்றார். நம் ஊரில் அது அன்பு. கொழும்பில் உன் முகம் காணாத ஒருவரின் மேசையில் அது முரண்பாடு: சாட்சியே மறுக்கும் விண்ணப்பதாரி. அதைத் திருத்தாவிட்டால் பதவி போகும், நீயும் அங்கேயே தங்கிவிடுவாய். உம்மா இதை வாய் திறந்து சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன்.

உண்மையைச் சொல்ல வாருங்கள் என்று அழைத்தபோது ஹாஷிம் மிரண்டார். "பொய் சொன்னேன்னு நானே போய்ச் சொல்றதா? என்னை உள்ள போட்டா கடைய யாரு பாக்கிறது?" என்றார். நான் பார்ப்பேன் என்றேன். "நீங்க பாத்தா ஒரு ஆணியும் விக்காது, வாறவனுக்கெல்லாம் சட்டம் படிச்சிக் குடுப்பீங்க" என்று சிரித்தார். சிரித்த பிறகே சம்மதித்தார். உத்தியோகத்தர் விட்டுச் சென்ற எண்ணுக்கு அழைத்தேன்; மாத்தளை அலுவலகத்துக்கு இன்றே வரச் சொன்னார்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. பேராசிரியர் கேட்டாலும், தோழிகள் கேட்டாலும், விண்ணப்பம் நிலுவையில் உள்ளது என்று மட்டும் சொல். அல்லாஹ் உனக்கு நல்ல வழியைத் திறக்கட்டும்.

ஹாஷிம் கடைக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்கிறது. இப்போது எழுந்து அவரோடு பஸ் ஏறுகிறேன். உன்னைத் தெரியும் என்று அவர் சொல்லும்போது பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
எம். ரவூப்