அப்பா வீட்டுத் தொட்டி

அம்மான், ஆகஸ்ட் 12, திங்கள் மாலை

நவ்ராஸ் அண்ணா,

இன்றைய தண்ணீர் லாரிப் பட்டியலில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். பூட்டிக் கிடக்கும் அப்பா வீட்டை உன்னைக் கேட்காமல் அதிலிருந்து நீக்கிவிட்டேன். லாரிக்கு ஒரு மலையேற்றம் மிச்சமாகும் என்று மட்டும்தான் யோசித்தேன். நீ எப்படியும் முதலில் அங்கேதான் போயிருக்கிறாய்.

அப்பா வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் உம்மு ஷுக்ரி மத்தியானம் போன் செய்தார். "யாருக்குப்பா ஊத்துறேன்னு உங்க அண்ணனைக் கேட்டேன்மா. அப்பா காத்துக்கிட்டு இருக்காரு அத்தைங்கிறான். தொட்டி நிரம்பிப் படியெல்லாம் ஓடுது, என் குழாயில மூணு நாளா வெறும் காத்து."

அதைக் கேட்டுத்தான் உன்னைப் போனில் பைத்தியமா என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

போன ஆகஸ்டில், வீடு திரும்பும் வழி என்று அப்பா வீட்டைக் கடைசியில் வைத்தோம். நீ போய்ச் சேர்ந்தபோது மொட்டைமாடி வெயிலில், காலித் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தார். முதலில் போயிருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியவில்லை. நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் ஊர் வரைபடத்தைத் திறந்தால் எனக்கும் அந்த மாடிதான் தெரிகிறது.

முலூகியாக் கீரைக் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு, எனக்காகக் காத்திருக்காதே.

ருலா

பி.கு.: பட்டியலைத் திருத்திவிட்டேன். நாளையும் முதலில் அங்கேதான் போகிறோம், நானும் லாரியில் வருகிறேன். ஹோஸை உம்மு ஷுக்ரியின் தொட்டியில் விட வேண்டும்.