நாலு வீட்டு வார்த்தை

வியாசர்பாடி,
14.9.2003

அன்பு மகன் பாரிக்கு அம்மா சொக்கம்மாள் எழுதுவது. நானும் உன் தங்கை எழில்மொழியும் இங்கே நலமாக இருக்கிறோம். அப்படி எழுதாவிட்டால் நீ பதறிப்போய் ஆபீஸிலிருந்தே போன் போடுவாய், அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், குளிர் ஆரம்பிக்கும் முன்னால் அந்தக் கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டு வை. போன வாரம் இரண்டு தரம் போன் செய்தாய், அம்மா குளிக்கிறாள், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள் என்று எழில் சொன்னது எல்லாம் பொய், நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசி, கடைசியில் நான்தான் தப்பு செய்த மாதிரி ஆக்கிவிட்டு வைத்துவிடுவாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன், முழுவதும் படி.

இங்கே தண்ணீர்க் கஷ்டம் சொல்லி மாளாது. லாரி வந்தால் வந்தது, வராவிட்டால் அடி பம்பில் வருகிற மஞ்சள் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பிடித்துக்கொள்கிறோம். எழில் வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடையில் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருக்கிறாள், ஆடித் தள்ளுபடியில் நின்று நின்று கால் வீங்கிப் போயிற்று, இப்போது பரவாயில்லை. மணலி புதுநகரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள், நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா உன்னைப் பற்றி விசாரித்தார், அமெரிக்காவில் இத்தனை வருஷமாக இருக்கிறாரே, அங்கே என்ன சேர்த்து வைத்திருக்கிறார் என்று கேட்டார். வார்த்தை சேர்த்து வைத்திருக்கிறான் என்றேன். அவர் சிரித்தார், நான் விளையாட்டாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

வேறு எப்படிச் சொல்வது, நீயே சொல். நீ அனுப்பிய போட்டோக்களை எழில் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள், எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்துப் பார்த்தேன். கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக்கில் 'யெஸ்' என்று ஒன்று நிற்கிறது. சுவரில் 'டுமாரோ' என்ற ஒரே வார்த்தையைப் பச்சை, நீலம், ரோஸ் என்று வரிசையாக அச்சடித்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாய், அடியில் பென்சிலால் நம்பர் வேறு போட்டிருக்கிறது. படிக்கட்டுப் பக்கம் ஒரு சிவப்பு டியூப் லைட்டை வளைத்து 'ஸாரி' என்று எழுதியிருக்கிறது, ராத்திரி எல்லாம் எரியுமாம். இதற்குப் பாப் ஆர்ட் என்று பேர், கடை போர்டிலும் விளம்பரத்திலும் தெருவிலும் சாதாரணமாகக் கிடக்கிற வார்த்தையை எடுத்துப் பெரிதாகச் செய்து நிறுத்தினால் அது கலையாகிவிடுகிறது என்று பொங்கலுக்கு வந்தபோது நீ விளக்கினாய். நானும் கேட்டுக்கொண்டேன். ஒருவர் தபால் தலை சேர்க்கிறார், ஒருவர் பழைய காசு சேர்க்கிறார், நம் பிள்ளை வார்த்தை சேர்க்கிறான், சம்பாதிக்கிறான் வாங்குகிறான், நமக்கென்ன என்றுதான் இருந்தேன். உன் சேகரிப்பு என் கட்டிலுக்கு அடியில் வந்து கை வைக்கும் என்று எனக்குத் தெரியாது.

உனக்குத் தெரியாத கதை ஒன்றும் இல்லை, இருந்தாலும் மறந்துபோன மாதிரி நடந்துகொள்வதால் எழுதுகிறேன். திருவொற்றியூர் கம்பெனியில் பாய்லர் வெடித்து உன் அப்பா குணசேகரனும், வியாகுலம்மாள் புருஷன் சிலுவைமுத்துவும், ரஷீதின் வாப்பாவும், ஞானமும் போனபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். காரியம் முடிவதற்குள் கம்பெனி ஆட்கள் ஒவ்வொரு வீடாக வந்தார்கள். உங்கள் ஆள் தப்பில்லை, மற்ற மூன்று பேர் வால்வைத் திறக்காமல் விட்டதுதான் காரணம் என்று கையெழுத்துப் போட்டால் உங்களைக் கவனித்துக்கொள்கிறோம் என்றார்கள். நம் வீட்டில் சொன்னதையேதான் மற்ற மூன்று வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். ராயபுரத்தில் வியாகுலம்மாள் வீட்டில் நாலு வீடும் உட்கார்ந்து பேசியபோதுதான் அது வெளியே வந்தது. யாரும் கையெழுத்துப் போடவில்லை. வெடித்த பாய்லர் காயலான் கடைக்குப் போனபோது கடைக்கார மஜீது அதில் ஒரு தகட்டைத் தனியாக எடுத்து வைத்துக் கொடுத்தார், அப்பாவோடு வேலை செய்த அம்புரோஸ் அதை கேஸ் கட்டிங்கில் வெட்டி 'நியாயம்' என்று நாலு எழுத்தாகச் செய்தார். வியாகுலம்மாள் வீட்டுக்கு 'நி', நமக்கு 'யா', ரஷீது வீட்டுக்கு 'ய', ஞானம் வீட்டுக்கு 'ம்'. முழு வார்த்தையும் ஒரே வீட்டில் இருந்தால் நாளைக்கு அந்த வீட்டை மட்டும் வளைத்துப் போட்டுவிடுவார்கள் என்றுதான் பிரித்து வைத்தோம். வருஷா வருஷம் செப்டம்பர் மூன்றாம் தேதி வீட்டுக்கு மூத்த பிள்ளை எழுத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வர வேண்டும், வண்டியில் ஏற்றக் கூடாது, கம்பெனி கேட்டில் நாலையும் சேர்த்துச் சாய்த்து வைத்துவிட்டுச் சாயந்தரம் வரை நிற்க வேண்டும். நம் எழுத்துக்குத் துணைக்கால் தனியாக விழுந்துவிடும் என்று அம்புரோஸ் அடியில் ஒரு பட்டை வைத்து வெல்டிங் செய்தார், அந்தப் பட்டை தோளை அறுக்கிறது என்று முதல் வருஷம் நீ அழுதாய். அடுத்த வருஷம் அழவில்லை. காலேஜ் முடித்து விமானம் ஏறுகிற வரைக்கும் ஒரு வருஷம்கூட விடாமல் தூக்கினாய், அதற்காக உன்னை நினைத்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன், இன்றைக்கு அதை எழுதவே எனக்குக் கசக்கிறது. நீ போன பிறகு உனக்குப் பதிலாக எழில்தான் தூக்கினாள்.

பொங்கலுக்கு வந்தவன் கட்டிலுக்கு அடியிலிருந்து நம் எழுத்தை இழுத்து வைத்து வெகு நேரம் பார்த்தாய். அப்பா ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்து, நீ தனியாக இருக்கட்டும் என்று நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். துரு ஏறிவிட்டது, மணலியில் ஒரு பட்டறையில் ரெட் ஆக்ஸைடு அடிக்கக் கொடுத்திருக்கிறேன், அவர்களே கொண்டு வந்து தருவார்கள் என்றாய். பிள்ளைக்கு இவ்வளவு அக்கறையா என்று எழிலிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனேன். நீ கிளம்பின அன்றைக்கு உன் பெட்டியை ஆட்டோவில் ஏற்ற முடியாமல் ஓட்டுநர் திணறினார், நானும் ஒரு கை பிடித்துத் தூக்கினேன். நான் போட்டுக் கொடுத்த ஊறுகாயும் மிளகாய்த்தூளும்தான் இப்படிக் கனக்கிறது என்று நினைத்தேன். என் கையாலேயே ஏற்றி அனுப்ப வைத்தாயே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பட்டறைக்காரன் வருவான் வருவான் என்று மாசி பங்குனி வரைக்கும் காத்திருந்துவிட்டு உன்னைக் கேட்டால், அது இங்கே பத்திரமாக இருக்கிறது அம்மா, பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அசந்து போகிறார்கள் என்று சாதாரணமாகச் சொன்னாய். எழுத்தைச் சுற்றி வைத்திருந்த சாக்கு காலியாகத்தான் கிடக்கிறது. எழில் வெங்காயம் போட்டு வைக்கக் கேட்டாள், நான் விடவில்லை.

நீ அனுப்பிய போட்டோக்களில் அதன் போட்டோவும் இருந்தது. வெள்ளை மேடை கட்டி, மேலே விளக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறாய். ஒரு பக்கம் நெருப்பில் கருகின தழும்பு இருக்குமே, அது சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. பக்கத்தில் சின்ன அட்டையில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழில் படித்துச் சொன்னாள். மெட்ராஸ், இரும்பு, செய்தவர் பெயர் தெரியவில்லை என்று இருக்கிறதாம். பாரி, அம்புரோஸ் பெயர் உனக்குத் தெரியாதா. உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர், இப்போது மாத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார், கண் பார்வை மங்கிவிட்டது, பாரி எப்படி இருக்கிறான் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். தெரியவில்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது. தெருவில் கிடக்கிற வார்த்தையை எடுத்து வைத்தால் கலை என்றாய், இது தெருவில் கிடக்கவில்லை, என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

திருப்பி அனுப்பு, செப்டம்பருக்குள் வேண்டும் என்று எத்தனை தரம் கேட்டேன். கனம் அதிகம், பார்க்கலாம் என்றாய். ஆகஸ்டு கடைசியில் கூரியரில் ஒரு நீளக் குழாய் வந்தது, பிரித்தால் நாலு காகிதம், நாலிலும் பளிச்சென்று ரோஸ் நிறத்தில் 'நியாயம்', உன் சிநேகிதர் ஒருவர் செய்து கொடுத்ததாம். வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடு அம்மா, இனிமேல் எல்லார் வீட்டிலும் முழு வார்த்தையே இருக்கும் என்று கூடவே சீட்டு எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. உனக்கு ஒன்றுமே புரியவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, பத்து வயது பிள்ளை மாதிரி நினைத்து மன்னித்துவிடலாம். எதற்காகப் பிரித்து வைத்தோம் என்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவன் நீ.

மூன்றாம் தேதி நானும் எழிலும் தோளில் எழுத்து இல்லாமல் நடந்தோம். காலடிப்பேட்டையில் ரஷீது எங்களைப் பார்த்ததும் பின்னால் யாராவது எழுத்தைத் தூக்கி வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். கேட்டில் மூன்று எழுத்தையும் வைத்தார்கள். நடுவில் நம் இடம் காலியாக அசிங்கமாக இருக்கிறதே என்று ரஷீது தன் எழுத்தைத் தள்ளி வைக்கப் போனான், வியாகுலம்மாள் அவன் கையைப் பிடித்துவிட்டாள். எழில் நல்ல எண்ணத்தில் அந்தக் குழாயைக் கொண்டு வந்திருந்தாள், காலியாக இருக்கிற இடத்தில் இதையாவது ஒட்டலாமா என்று கேட்டாள். ரஷீது ஒரு காகிதத்தை விரித்துப் பார்த்தான், கடல் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது, "கலரு சோக்கா கீதுமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு வியாகுலம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எங்கே என்று கேட்டாள். பட்டறையில் இருக்கிறது என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், நீ எனக்குச் சொன்ன அதே பொய் என் வாய்க்கும் வந்தது. சொல்லவில்லை. மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான், அவன் வீட்டில் அலங்காரத்துக்கு வைத்திருக்கிறான் என்று உள்ளதைச் சொன்னேன்.  அவள், "புள்ள எட்த்துகினு பூட்டான்னு யார் கைலயும் சொல்லாத சொக்கம்மா. கஷ்டத்துல வித்துட்டேன்னு சொல்லு. அதுன்னா எல்லாருக்கும் புரியும்" என்றாள்.

அவள் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள், அதனால்தான் தாங்க முடியவில்லை. கம்பெனிக்காரன் வீடு வீடாக ஏறி இறங்கியும் விற்காத வீடு என்று இத்தனை வருஷம் அந்தக் கேட்டில் தலை நிமிர்ந்து நின்றேன், இனிமேல் விற்றவள் என்று பேர் வாங்கினால்தான் எனக்குக் கௌரவம் என்கிற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டாய். விற்றேன் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சாயந்தரம் வரைக்கும் அந்தக் காலி இடத்தில் நானே நின்றேன். எழில் உட்காரு அம்மா என்றாள், உட்காரவில்லை, முழங்கால் வலி இன்னும் போகவில்லை, தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், அதற்காக நீ மருந்து ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

நாலு காகிதத்தையும் அதே குழாயில் போட்டு உன் பேருக்கே அனுப்பிவிட்டேன், உன் சுவரில் இடம் இருந்தால் மாட்டிக்கொள். அந்த அட்டையை மாற்று. வெட்டியவர் அம்புரோஸ் என்று எழுது, எந்தத் தகடு, அதில் யார் யார் போனார்கள் என்று நாலு பேர் பெயரையும் எழுது. உன் அப்பா பெயரைக் கடைசியில் எழுதினால் போதும், மற்றவர்கள் பெயர் முதலில் இருக்கட்டும். கருகின பக்கத்தை வெளியே திருப்பி வை. போனில் ஸாரி சொல்லாதே, உன் படிக்கட்டில் எரிகிற ஸாரியே போதும், அதற்கு ஸ்விட்ச் இருக்கிறது.

மருமகளுக்கு என் அன்பைச் சொல், அவளை ஒன்றும் நினைக்கவில்லை. எழில் கல்யாணம் தை மாசத்தில் கூடி வந்தால் தேதி சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழித்து வேலை செய்யாதே, கோபம் எவ்வளவு இருந்தாலும் உன் உடம்புக்கு ஒன்றும் வரக் கூடாது என்றுதான் தினமும் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி உட்காருகிறேன், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஞாபகம் வைத்துக்கொள், கேட்டில் நம் இடத்தை யாரும் மூடவில்லை. அடுத்த செப்டம்பர் மூன்றாம் தேதி விடியற்காலையில் இந்த வீட்டிலிருந்து அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நீ நடந்து வா. பார்சலில் எழுத்து மட்டும் வந்தால் அதை நான் அங்கே வைக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்ட அம்மா,
கு. சொக்கம்மாள்