ஆரம்பம் பார்க்கவில்லை

யெல்லோஸ்டோன் பூங்கா,
ஜூலை 6, 1986

அன்புள்ள டெல்மா,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். சட்டையெல்லாம் கந்தக நாற்றம். நீ இருந்தால் வாசலிலேயே கழற்ற வைத்திருப்பாய்.

ஊற்றுகள் பீறிடும் நேரத்தைக் குறித்துவைக்கும் நாங்கள் ஹேட்டி என்று பேர் வைத்திருக்கும் வெந்நீர் ஊற்று நான்கு வருடமாகப் பீறிடவில்லை. இந்தக் கோடையில் அதன் பக்கத்துக் குட்டை வழியத் தொடங்கியிருக்கிறது. குட்டை நன்றாக வழிந்தால் அவள் எழுவாள். அதற்காக விடிந்ததிலிருந்து பெஞ்சில்தான் இருக்கிறேன்.

நேற்று நான் சூப் குடிக்கப் போன நேரம் பார்த்து எதிர்ச் சின்ன ஊற்று கிளம்பிவிட்டது. திரும்பி வந்தபோது பாதி ஆட்டம். நோட்டில் நேரம் போடாமல் 'ஆரம்பம் பார்க்கவில்லை' என்று எழுதினேன். கூட இருக்கும் ஹெர்ப், "குத்துமதிப்பா ஒரு நேரம் போடேன், யாருக்குத் தெரியப்போவுது" என்றான். பார்க்காததை நாங்கள் எழுதுவதில்லை. அவனுக்கும் அது தெரியும்.

மார்ச் மாதப் பனியில் நம் ரூத்தின் கார் வழுக்கி, அவள் போய் நான்கு மாதமாகிறது. நான் இன்னும் அழவில்லை.

உன்,
ஆர்விட்

லிவிங்ஸ்டன்,
ஆகஸ்ட் 19

அன்புள்ள ஆர்விட்,

பக்கம் முழுக்க ஊற்று, கடைசியில் இரண்டு வரி நம் பெண். அந்த இரண்டு வரிக்காகத்தான் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

துக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொடுத்தது இன்னும் உறைபெட்டியில் கிடக்கிறது. ஒவ்வொன்றாகச் சுடவைத்துத் தின்கிறேன். ருசி தெரியவில்லை. ரூத்தின் அறைக் கதவை நீ சாத்திவிட்டுப் போனாய். அதைத் தனியாகத் திறக்க என்னால் முடியவில்லை.

செப்டம்பர் 14 வந்தால் அவளுக்கு இருபது. அன்று அங்கே வருகிறேன். பதினொரு மணிக்குப் பூங்கா விடுதி வாசலில் நில். சேர்ந்து வீட்டுக்கு வந்து அந்தக் கதவைத் திறப்போம். நீ இல்லையென்றால் நான் ஸ்போகேனுக்கு, அக்கா வீட்டோடு போய்விடுவேன். இது மிரட்டல் இல்லை. மிரட்டத் தெம்பும் இல்லை.

உன்,
டெல்மா

யெல்லோஸ்டோன் பூங்கா,
செப்டம்பர் 15

அன்புள்ள டெல்மா,

நேற்றுக் காலை முகம் மழித்து, நீ தைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு சீக்கிரமே கிளம்பினேன். போகிற வழியில் ஹேட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாமென்று நினைத்தேன். குட்டை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. குட்டை வழியும்போது எங்களில் யாரும் எழுந்து போனதில்லை. ஐந்து நிமிடம்தான் என்று உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு எழுந்தாள். நூறடி இருக்கும். ஹெர்ப் அழுதேவிட்டான். நான் கடிகாரம் பார்த்து நேரம் எழுதினேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, டெல்மா.

அதன்பிறகுதான் ஓடினேன். காட்டெருமைகள் சாலையை மறித்து உனக்கு நேரமாகியிருக்கும் என்று பொழுது சாயும்வரை வாசலில் நின்றேன். நீ வந்தாயா?

உன்,
ஆர்விட்

ஸ்போகேன்,
அக்டோபர் 3

அன்புள்ள ஆர்விட்,

வந்தேன். பதினொன்றரை வரை வாசலில் நின்றேன். நீ இருக்கும் இடம் எனக்குத் தெரியாதா? பெஞ்சுக்கே வந்தேன். உன் முதுகுக்குப் பின்னால் நின்று "ஆர்விட்" என்று கூப்பிட்டேன். நீ திரும்பாமலே, "பேசாதீங்க, குட்டை வழியுது" என்றாய். சுற்றுலா வந்தவள் யாரோ என்று நினைத்திருப்பாய். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் அந்தக் கதவை நானே திறந்தேன். படுக்கை மேல் அவளுடைய ஈரத் துண்டு காய்ந்து கிடந்தது. உன் கம்பளிக் கோட்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அங்கே பனி விழத் தொடங்கியிருக்கும்.

வக்கீல் கொடுத்த விவாகரத்துப் படிவம் இதோடு இருக்கிறது. அதில் நாம் பிரிந்த தேதியைக் கேட்டிருக்கிறது. செப்டம்பர் 14 என்று போடச் சொல்கிறாள் அக்கா. அன்று நான் வந்து பார்த்தபோதே பாதி நடந்து முடிந்திருந்தது. மார்ச்சிலா, அதற்கும் முன்னாலா, எனக்குத் தெரியவில்லை. உங்கள் வழக்கப்படியே, ஆரம்பம் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டேன். கீழே நீ கையெழுத்துப் போட இடம் இருக்கிறது.

டெல்மா