உன் மூக்கை மறைத்த தைலம்

இன்று காலை கடற்கரை ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு சின்னக் குப்பியைத் திறந்து நெற்றியில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டார். வண்டி தாம்பரத்தை விட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தது. குரோம்பேட்டை வருவதற்குள் நான் எழுந்து கதவருகே போய் நின்றேன். பல்லாவரத்தில் இறங்கி நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். தைல வாடை போகவில்லை.

நீ செத்து ஐந்து மாதம் ஆகிறது மச்சான். 'மறைந்து' என்று எழுத வரவில்லை. நீ எங்கும் மறையவில்லை. என் கண் முன்னால் செத்தாய்.

கல்லூரியில் நீ உட்கார்ந்தால் அந்த பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் உன் அம்மா மீன் விற்றார். விடியற்காலையில் கூடை இறக்கிக் கொடுத்துவிட்டு அந்த மீன் வாடையோடு நீ வகுப்புக்கு வருவாய். "இன்னா மச்சான், எனக்கு மட்டும் ரிசர்வேஷன் பெஞ்சு" என்று சிரித்தபடி காலை நீட்டி உட்காருவாய். எனக்குச் சிரிப்பு வராது. அவர்களை அடிக்க வேண்டும் போலிருக்கும். ஆனால் நானும் ஒருநாள்கூட எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த வாடையில் வளர்ந்த மூக்குதான் பிறகு உனக்கு வேலையானது. பெருங்களத்தூரில் ஒற்றை அறையில் நடந்த ஒரு சுற்றுலா நிறுவனத்தில் நாம் இருவரும் சேர்ந்தோம். வார இறுதியில் வேன் வைத்து மழைக்காட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் நிறுவனம். நான் போன் எடுப்பேன், வாட்ஸாப் குழுவைப் பார்த்துக்கொள்வேன். நீ காட்டுக்குள் வழிகாட்டி.

உன்னிடம் ஒரு விதி இருந்தது. காட்டுக்குள் போகும் அன்று யாருக்கும் சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, செண்ட் கிடையாது. முதலாளி ஒருமுறை உன்னைக் கூப்பிட்டு, "டேய், மீன் வாடை அடிக்குதுன்னு கஸ்டமர் சொல்றாங்க. நீயாவது செண்ட் போட்டுக்கோ" என்றார்.

"போட்டுக்கலாம் சார். அப்புறம் கண்ணைக் கட்டிகினு பஸ் ஓட்டுற மாதிரிதான். நீங்க முன் சீட்டுல குந்திக்கிறீங்களா?" என்றாய். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் முதல்முறை உன்னோடு வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வெளிச்சம் சட்டென்று குறைந்தது. தலைக்கு மேலே ஓர் இருவாச்சி பறந்தது. ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போல அதன் இறக்கைச் சத்தம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நீ மட்டும் கையைத் தூக்கி நின்றாய்.

"கீது."

"எங்கடா?"

"சும்மா இரு மச்சான். மாட்டுக் கொட்டாய்ல பழம் புளிச்ச மாதிரி வருதுல்ல?"

எனக்கு ஈர இலை வாசனை மட்டும்தான் தெரிந்தது. கால் மணி நேரம் அசையாமல் நின்றோம். பிறகு கீழே மூங்கில் புதரைத் தள்ளிக்கொண்டு இரண்டு யானைகளும் ஒரு குட்டியும் பாதையைக் கடந்து போயின. சத்தமே இல்லை. அவை போனதும் கேமரா வைத்திருந்த ஒருவர், "அடுத்து என்ன காட்டுவீங்க?" என்று கேட்டார்.

"உங்க காலைத்தான் சார். ரெண்டு அட்டை ஏறிகினு கீது."

அந்த அட்டைகள்தான் காரணம். இல்லை, நான்தான் காரணம்.

மழை வலுத்த வாரம் அது. முந்தைய குழுவில் ஒருவர் அட்டை கடித்த காலைப் படம் எடுத்துப் போட்டு எங்களைக் கிழித்திருந்தார். "அடுத்த டிரிப்புக்கு நீயும் போ. ஏதாவது பண்ணு" என்றார் முதலாளி. தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையில், அட்டை அண்டாமல் இருக்க, வரப்போகும் பதினான்கு பேருக்கும் ஆளுக்கொரு நீலகிரித் தைலக் குப்பி வாங்கினேன். உன் விதி எனக்குத் தெரியும். அது சோப்புக்கும் செண்டுக்கும்தான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் சளிக்கும் தைலம், தலைவலிக்கும் தைலம், பஸ் பயணத்துக்கும் தைலம். அது மருந்து. அதைப் போய் யார் வாசனைக் கணக்கில் சேர்ப்பார்கள்?

நீ சோதனைச் சாவடியில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது பதினான்கு பேரும் முழங்கால் வரை பூசி முடித்திருந்தார்கள். நீ வாசலிலேயே நின்றுவிட்டாய்.

"இன்னா மச்சான் இது? ஆஸ்பத்திரி வார்டு மாதிரி கீது!"

"அட்டைக்குடா."

என்னையே பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "எனக்கு மூக்கு போச்சு. இன்னிக்கு வேணாம்."

முதலாளிக்குப் போன் போட்டாய். அவர் பேசியது எனக்கும் கேட்டது. "தினம் போற பாதைதானே? பதினாலு பேரைச் சும்மா திருப்பிக் கூட்டினு வந்தா, அடுத்த வாரம் நீ வர வேண்டாம்." போனைப் பையில் போட்டாய். "யாரும் பேசாதீங்க. எனக்குப் பின்னாடி தள்ளியே வாங்க" என்று மட்டும் சொன்னாய். என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மூன்றாவது வளைவில் அது நின்றுகொண்டிருந்தது. ஒற்றை யானை. உனக்கும் அதற்கும் இடையில் ஒரு வேன் நீளம்கூட இல்லை. நீ திரும்பி, "கீழ ஓடுங்க!" என்று கத்தினாய். நாங்கள் ஓடினோம். நீ எங்கள் பக்கம் ஓடி வரவில்லை. கையைத் தட்டிக்கொண்டு எதிர்ப்பக்கச் சரிவில் இறங்கினாய். அது உன் பின்னால் போனதை நின்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு எழுத வராது.

எங்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அன்று மாலையே முதலாளி, "கைடு பாதுகாப்பு விதியை மீறினதால நடந்ததுன்னு குரூப்ல போடு" என்றார். போட்டேன் மச்சான். இந்த விரல்களால்தான் தட்டினேன். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்தன. நீ காப்பாற்றிய ஒருவர், யாராவது யானையை வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை வேன் வழக்கம்போலக் கிளம்பியது.

இவ்வளவையும் உன் அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. ஐந்து மாதமும் அந்த மார்க்கெட் வாசலைத் தவிர்த்துச் சுற்று வழியில் நடந்தேன். இன்று பல்லாவரத்திலிருந்து திரும்பி வந்து நேராக அவர் முன்னால் நின்றேன். தைலத்திலிருந்து குழுவில் போட்டது வரை எல்லாம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த அவர் கையில் கத்தி அப்படியே நின்றது. வாங்க வந்த பெண் பயந்து நகர்ந்துவிட்டார்.

பிறகு ஒரு மீனின் செவுளைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு. இன்னிக்குப் புடிச்சதா, நேத்துதா?"

"தெரியலம்மா."

"என் புள்ள ஆறு வயசுல சொல்லுவான்." மீனைப் பலகையில் போட்டார். "அவன் கவனமில்லாம செத்துப் பூட்டான்னு ஊரே சொல்லுது. நானும் நம்பிட்டேன்டா, பாவி. போ. இப்ப எங்கிட்டச் சொன்னத எழுதிக் குடு. யாருகிட்டக் குடுக்கணுமோ, அவங்ககிட்டக் குடு."

அங்கேயே மீன் பெட்டி மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். போக வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னார். தைலம் கொடுத்தது நான். போகச் சொன்னது முதலாளி. கையெழுத்துப் போட்டேன். படம் எடுத்து அதே குழுவில் போட்டேன். சில நிமிடங்களில் என்னை நீக்கிவிட்டார்கள். காகிதம் என்னிடம் இருக்கிறது. நாளை காலை வனச்சரகர் அலுவலகத்துக்கு பஸ் ஏறுகிறேன்.

வீட்டுக்குத் திரும்ப ரயில் ஏறியபோது கையைக் கழுவியிருக்கவில்லை. சட்டைப் பையில் இருந்த காகிதத்திலும் மீன் வாடை. எதிரில் இருந்தவர் முகத்தைச் சுளித்து, எழுந்து, வேறு இருக்கைக்குப் போனார். அந்த பெஞ்சு முழுக்க எனக்கு மட்டும்.

காலை நீட்டி உட்கார்ந்தேன்.